பழைய மருந்துதானே என்று கொடுத்துவிடாதீர்கள்

போன வாரம் எமர்ஜென்சிக்கு ஒரு அப்பாவைத் தூக்கி வந்தார்கள். வயது 58. கிளியோபிளாஸ்டோமா, அதாவது மூளைக்கட்டிகளில் மிக வேகமாக வளரும் ரகம். ஆபரேஷன் முடிந்து, 6 வாரம் கரண்ட் (ரேடியேஷன்) வைத்து, டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரையில் இரண்டாவது சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சல் 102. ஈறில் ரத்தக் கசிவு. முழங்காலுக்குக் கீழே கொசு கடித்ததுபோல் சிவப்புப் புள்ளிகள், அழுத்தினாலும் மறையவில்லை. பிளேட்லெட் 11,000, வெள்ளையணு 800. வீட்டில் இரண்டு நாள் பப்பாளி இலைச்சாறு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், டெங்கு என்று நினைத்து.

டெமோசோலமைடால் மட்டும் இவ்வளவு இறங்குவது அபூர்வம். வேறென்ன கொடுத்தீர்கள் என்று மூன்று முறை கேட்ட பிறகு, மகள் மஞ்சப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். வால்கேன்சைக்ளோவிர். வைரஸ் மாத்திரை. மூளைக்கட்டிக்கு இது கேட்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்.

"இது ஒண்ணும் புது மருந்து இல்லையே டாக்டர். எங்க சித்தப்பாவுக்கு கிட்னி மாத்துனப்ப ஆறு மாசம் குடுத்தாங்க. அவருக்கு ஒண்ணும் ஆகல."

அப்பாவால் விழுங்க முடியவில்லை என்று பாக்குவெட்டியில் நறுக்கி, பொடித்து, மோரில் கலக்கித் தந்திருக்கிறார். அந்தப் பெண் 5 மாத கர்ப்பிணி. உடைக்கவே கூடாத மாத்திரை அது. வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஊனம் வரலாம் என்பதால் அதன் தூளைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. அவரிடம் இதை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாங்கள் அங்கே இல்லை.

இந்த வருடத்தில் எனக்கு இது நான்காவது குடும்பம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். இந்தக் கட்டிகளில் சைட்டோமெகாலோ என்ற வைரஸின், அதாவது இந்த மாத்திரை அடக்கும் வைரஸின், தடயம் இருப்பதாக 2002-ல் ஓர் ஆய்வு வந்தது. பின்னால் தேடியவர்களில் சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. ஸ்வீடனில் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் 42 பேருக்கு, பாதிப் பேருக்கு நிஜ மாத்திரையும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையுமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. கட்டியின் அளவில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு அதே குழு, இந்த மருந்து சாப்பிட்ட 50 பேரின் கணக்கை ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதமாக எழுதியது. இரண்டு வருடம் தாண்டியவர்கள் 62 சதவீதம், ஒப்பிட்ட மற்ற நோயாளிகளில் 18 சதவீதம். ஆறு மாதத்துக்குப் பிறகும் நிறுத்தாமல் சாப்பிட்டவர்களில் 90 சதவீதம். ஃபார்வர்டுகளில் வருவது இந்த 90 மட்டும்தான்.

பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறியவர்களில் குரோம்பேட்டை வரை இறங்காமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் ஆளுக்கொரு கடலைமிட்டாய் கொடுங்கள். அவர்களில் பெரும்பாலோர் தாம்பரம் போய்ச் சேருவார்கள். மிட்டாய் கொண்டுசேர்த்தது என்று சொல்லலாமா? ஆறு மாதம் மாத்திரை சாப்பிட, முதலில் ஆறு மாதம் உயிரோடும் தெம்போடும் இருந்திருக்க வேண்டும். அப்படி இருந்தவர்களை மற்ற எல்லோரோடும் ஒப்பிட்டால் எந்த மருந்தும் அதிசயமாகத்தான் தெரியும். அதனால்தான் கரோலின்ஸ்காவினரே அடுத்துப் பெரிய சோதனை ஒன்றைத் தொடங்கினார்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது "பழைய மருந்து, பக்கவிளைவு இருக்காது" என்ற பேச்சின் மேல்தான். சித்தப்பாவுக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் மருந்து சாது என்பதல்ல. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினைப் பார்த்து அளவு வைத்தார்கள், அடிக்கடி ரத்தம் எடுத்தார்கள், வெள்ளையணு இறங்கினால் குறைத்தார்கள் அல்லது நிறுத்தினார்கள். அவர் கூடவே டெமோசோலமைடும் சாப்பிடவில்லை. ரத்த அணுக்கள் உண்டாகும் எலும்பு மஜ்ஜையை வால்கேன்சைக்ளோவிரும் அடிக்கும், டெமோசோலமைடும் அடிக்கும். ஒரே ஆளின் மேல் இரண்டும் சேர்ந்து விழும்போது, அந்த ஆளைப் பொறுத்தவரை அது புத்தம்புது மருந்துதான். எச்ஐவி மாத்திரையான ரிட்டோனாவிரும் இப்படித்தான். மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உடம்பில் சிதைந்து வெளியேறாமல் அது தடுத்துவிடும். ஸ்டீராய்டு ஏறும், சர்க்கரை ஏறும், கிருமி புகும். ரிட்டோனாவிரை லோபினாவிரோடு சேர்த்து, திரும்ப வந்த கட்டிகளுக்குச் சிறிய சோதனை ஒன்றில் கொடுத்தும் பார்த்தாயிற்று. சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை.

பழைய மருந்துகளைப் புது நோய்க்குச் சோதிப்பது நல்ல வேலை, நடக்கவேண்டிய வேலை. இன்று நாம் தரும் கரண்ட்டும் டெமோசோலமைடும் சேர்ந்த சிகிச்சை 2005-ல் வந்தது. நோயாளிகளில் பாதிப் பேர் உயிரோடு இருக்கும் காலத்தை 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக்கியது. அதற்குப் பிறகு நகர்ந்தது கொஞ்சமே. இந்தக் கணக்கைக் கேட்ட மகளோ மகனோ ராத்திரி தூங்காமல் ஃபோனில் தேடுவார்கள். நானாக இருந்தாலும் தேடுவேன்.

தேடுங்கள். கிடைத்ததை அச்செடுத்து எங்களிடம் கொண்டுவாருங்கள். சோதனை எங்காவது நடக்கிறதா என்று சிடிஆர்ஐ (CTRI) என்ற இந்திய மருத்துவச் சோதனைகளின் ஆன்லைன் பதிவேட்டில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். உண்மையான சோதனை என்றால் எதிக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கும், உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தருவார்கள். சோதனை மருந்துக்குக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சொந்தக்காரர் வீட்டில் மிச்சமிருக்கும் அட்டையை வாங்காதீர்கள். பார்மசிக்காரத் தம்பிகளே, சீட்டு இல்லாமல் இதைக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. கீமோ மாத்திரையையும் வைரஸ் மாத்திரையையும் வீட்டில் யாரும் நறுக்க வேண்டாம். விழுங்க முடியவில்லை என்றால் சொல்லுங்கள், வழி இருக்கிறது. ஸ்டீராய்டையும் ஃபிட்ஸ் மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் பயந்து மறைக்காதீர்கள். திட்டமாட்டோம். அட்டையோடு வாருங்கள், அன்றைக்கே ரத்தம் பார்ப்போம். கீமோவில் இருப்பவருக்குக் காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் காலை ஓபி வரை காத்திருக்க வேண்டாம். ராத்திரி இரண்டு மணி ஆனாலும் ஆட்டோ பிடித்து எமர்ஜென்சிக்கு வந்துவிடுங்கள்.