புளி போட்டுத் தேய்க்காதீர்கள், அதில் ஓர் ஊர் இருக்கிறது

"கறுப்பா, அழுக்கா இருந்துச்சு சார். புளி போட்டு ஒரு தேய் தேய்ச்சேன், இப்பப் பாருங்க!"

பணி ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர் என் மேசைமேல் வைத்த ரோமச் செப்புக்காசு, கார்த்திகைக்குத் துலக்கிய விளக்குபோல மின்னியது. முன்பக்கம் இலைமுடி சூடிய பேரரசர் தலை. பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். விளிம்பைச் சுற்றி ஓடியிருந்த கிரேக்க எழுத்துகளில் கடைசி இரண்டுதான் மிச்சம்: 'ஓன்'.

அது கிரேக்கத்தில் ஆறாம் வேற்றுமைப் பன்மை. 'எபேசியோன்' என்றால் எபேசியருடையது, அதாவது எபேசு நகரத்தாருடையது. ஊரின் பெயரைப் போடாமல் ஊராரின் பெயரைப் போடுவது அந்தக் காசுகளின் வழக்கம். இவர் காசில் உருபு மட்டும் இருந்தது, பெயர் கரைந்துவிட்டது. யாருடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

காசுகளை அடையாளம் கண்டு பதிவெழுதுவது என் பிழைப்பு. மாதத்துக்கு ஒன்றிரண்டு இப்படி வருகின்றன, பெரும்பாலும் இணைய ஏலத்தில் வாங்கியவை. நம் மண்ணில், கரூர், கோவைப் பக்கம் கிடைக்கும் ரோமக் காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளி நிறைய. அவை அரசின் காசுகள், கடல் கடந்தும் வெள்ளி வெள்ளிதான். அவற்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ரோமக் காசு என்றாலே ராஜா தலை. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர் குறைவு.

ஆனால் பேரரசின் கிழக்குப் பாதியில், இன்றைய துருக்கி, சிரியா, கிரீஸ் பகுதிகளில், நூற்றுக்கணக்கான நகரங்கள் தங்கள் சில்லறையைத் தாங்களே அடித்துக்கொண்டன. தங்கமும் பெரும்பகுதி வெள்ளியும் ரோம் கையில், செம்பு ஊர் கையில். மேற்கே ஸ்பெயினிலும், இன்றைய பிரான்ஸ் பக்கமான 'கால்' (Gaul) நாட்டிலும் இந்த வழக்கம் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவிலேயே நின்றுபோனது. கிழக்கே மூன்றாம் நூற்றாண்டு வரை ஓடியது.

முன்பக்கத் தலைக்கு அதிக மரியாதை தர வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஜெர்மானிய அறிஞர் கொன்ராட் கிராஃப்ட், 1972இல் வெளியான நூலில், சின்ன ஆசியக் காசுகளை, அதாவது இன்றைய துருக்கிப் பகுதியில் அடித்தவற்றை, வரிசைப்படுத்திக் காட்டினார்: ஒரே பேரரசர் தலை அச்சை வைத்துப் பல ஊர்களின் காசுகளை அடித்திருக்கிறார்கள். பட்டறை பொது. பின்பக்க அச்சுதான் ஊருக்கு ஊர் மாறியது. ஊர் பேசிய இடம் அதுதான்.

பேசியது என்ன? பெரும்பாலும் பீற்றல். ஸ்மிர்னா நகரம், காவியக் கவிஞர் ஹோமர் எங்கள் ஊர்க்காரர் என்றது. அவர் உருவம் பொறித்த செப்புக்காசையே அங்கே 'ஹோமரெயோன்' என்று அழைத்ததாகப் பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ எழுதியிருக்கிறார். டிராய் இருந்த இடத்தில் நின்ற இலியோன், டிராய்ப் போரின் வீரன் ஹெக்டரைப் பொறித்தது. சின்ன ஆசியாவின் உள்பகுதியான பிரிஜியாவில் அபமேயா என்றோர் ஊர், பட்டப்பெயர் கிபோடோஸ். அந்தச் சொல்லுக்குப் பெட்டி என்று பொருள், நோவாவின் பேழைக்கும் கிரேக்க விவிலியத்தில் அதே சொல். விடுவார்களா? பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் தொடங்கி, பெட்டிக்குள் நோவாவும் மனைவியும், மேலே பறவை, பெட்டியின்மேல் 'நோஎ' என்ற பெயருமாகக் காசடித்தார்கள். (இந்தக் காசு உங்களுக்கு மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.)

இந்தப் பீற்றல்களில் எனக்குப் பிடித்தது 'நியோகோரோஸ்'. பழைய தமிழ் விவிலியத்தில் எபேசு நகரத்தைத் தியானாள் என்ற தெய்வத்தின் 'கோயிற்பரிசாரகி', அதாவது கோயில் பணிப்பெண், என்று சொல்லும் இடம் ஒன்று உண்டு, அதன் கிரேக்கச் சொல் இதுதான். பேரரசருக்கு மாகாணக் கோயில் எழுப்ப அனுமதி பெற்ற நகரம் அந்தப் பட்டத்தைச் சூடிக்கொள்ளும். கி.பி. 26இல் டைபீரியஸ் கோயிலுக்குப் பதினொரு நகரங்கள் ரோம் செனட் முன் வாதாடின, ஸ்மிர்னா வென்றது. பிறகு ஒரு கோயில் போதவில்லை. பெர்கமு இரண்டாவது வாங்கினால் எபேசுக்குத் தூக்கம் வராது. பேரரசர் எலகபாலஸ் காலத்தில் எபேசு நான்காவதைப் பெற்று, 'அனைவரிலும் நாங்கள் மட்டுமே நான்கு முறை' என்று காசிலேயே அடித்தது. 222இல் அவர் கொல்லப்பட்டார், பட்டமும் போனது. அடுத்து வந்த காசுகளில் எபேசு சத்தமில்லாமல் மூன்றுக்கு இறங்கியிருக்கிறது. 'தெத்ராகிஸ்' என்ற அந்த 'நான்கு முறை' உங்கள் காசில் இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயர எழுத்துகளில்தான் தெரியும். புளி முதலில் தின்பது அவற்றைத்தான்.

சின்ன ஆசியாவின் வடமேற்கே பித்தினியாவில் நிகேயாவுக்கும் நிகோமிதியாவுக்கும் யார் 'முதல் நகரம்' என்ற சண்டை. வெறும் பெயருக்கு அடித்துக்கொள்கிறீர்கள், ரோமர்கள் இதைக் கிரேக்கக் கோளாறு என்று சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கிரேக்கப் பேச்சாளர் தியோன் கிறிசோஸ்தொம் நிகோமிதியாவிலேயே நின்று பேசினார். யாரும் கேட்கவில்லை. 193இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது நிகேயா, செவரஸை எதிர்த்துத் தோற்ற பெஸ்கென்னியஸ் நைகர் பக்கம் நின்றது. செவரஸ் வென்றதும் பட்டங்கள் பறிபோயின, ஊர்வாசல் கல்வெட்டிலிருந்தும் உளியால் கொத்தி எடுக்கப்பட்டன.

கொத்துவது காசிலும் நடந்திருக்கிறது. ஒருவர் பெரிய செப்புக்காசொன்றைக் கொண்டுவந்து, விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றார். இடப்பக்கம் ஒரு தலை தெளிவாக இருந்தது, வலப்பக்கம் யாரோ சுரண்டியதுபோலப் பள்ளம். சின்ன ஆசியாவின் தென்மேற்கே காரியாவின் ஸ்திராதோனிகேயா நகரம் அடித்த காசு அது. சுரண்டப்பட்டவர் செவரஸின் இளைய மகன் கேதா. 211 கடைசியில் அண்ணன் கரகல்லா அவரைக் கொன்று, பெயரையும் முகத்தையும் எங்கும் அழிக்கச் சொன்னார். ஊர் தன் காசிலிருந்தே அவரைச் சுரண்டி எடுத்து, மறுமுத்திரை குத்திப் புழக்கத்தில் விட்டது. அந்தப் பள்ளத்தை நிரப்பி மெருகேற்றித் தரச் சொல்லி வந்திருந்தார் அவர். நல்லவேளை, முதலில் என்னிடம் காட்டினார்.

இனி வேலைக்கு வருவோம். மண்ணில் கிடந்த செம்பின் அசல் மேற்பரப்பு அந்தக் கறுப்பு, பச்சைப் படலத்துக்குள்தான் இருக்கிறது. அதைக் கரைத்தால் எழுத்தும் சேர்ந்து கரையும். புளி, எலுமிச்சை, வினிகர், பாத்திரம் துலக்கும் பொடி எதுவும் ஆகாது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு மென்மையான தூரிகையால் தடவலாம், அதற்குமேல் கை வைக்க வேண்டாம். வெளிர்பச்சையில் மாவுபோல உதிரும் புள்ளி தெரிந்தால் அது குளோரைடு அரிப்பு. நம் கடற்கரை ஈரத்தில் அது வேகமாகப் பரவும். அந்தக் காசைத் தனியாக எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவைத்து, காசுப் பராமரிப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். மெத்தென்ற பிவிசி உறையும் நாளடைவில் காசின்மேல் பச்சைப் பிசினை ஏற்றும்.

வாங்கும்போது டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பின்பக்க எழுத்தைப் பாருங்கள். தேய்ந்த காசில் எழுத்து மட்டும் கூர்மையாக நின்றால் பிற்காலத்தில் யாரோ வெட்டியது. அப்படி வெட்டும்போது எழுத்துப்பிழையோடு, இல்லாத ஊரை உண்டாக்கிய காசையும் பார்த்திருக்கிறேன். ரோமன் ப்ராவின்ஷியல் காயினேஜ் என்ற ஆக்ஸ்போர்டு இணையத் தரவுத்தளம் இலவசம். எடை, விட்டம், படித்த எழுத்துகளை வைத்து அதில் ஒப்பிடலாம். எங்கிருந்து வந்தது என்ற பழைய ரசீதையும் கேளுங்கள். துருக்கியிலிருந்து தொல்பொருள் வெளியே போவதை அந்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இந்தச் செப்புக்காசுகள் பெரும்பாலும் அடித்த ஊரைச் சுற்றியே புழங்கியவை. கிடைத்த இடம் தெரியாத காசு, பாதி அழிந்த காசு.

வெள்ளிக் காசின் தரம் விழுந்து விலைவாசி ஏறியபோது, செம்புச் சில்லறை அடிக்கிற செலவுக்கே கட்டவில்லை. மூன்றாம் நூற்றாண்டுப் பேரரசர் கல்லியேனஸ் காலத்தோடு ஊர்கள் ஒவ்வொன்றாக நிறுத்தின. சின்ன ஆசியாவின் தென்கரையில் பம்பிலியாவின் பெர்கே நகரம் மட்டும் 275, 276 வரை இழுத்துப் பிடித்தது.

பெரியவர் மறுவாரம் மறுபடி வந்தார். வீட்டில் இன்னும் மூன்று இருந்தனவாம், தேய்க்காதவை. இரண்டில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது விரல்நகம் அளவு, மண்ணோடு இருந்தது. சாய்ந்த வெளிச்சத்தில் நட்டுவைத்த மூன்று படைக்கொடிகள் தெரிந்தன. அவற்றின் இடையிலும் கீழுமாகச் சிதறிய எழுத்துகளை அவரையே கூட்டச் சொன்னேன். "நி… கை… ஏ… ஓன்." நிகேயருடையது. முதல் நகரம் என்றோ வேறு பட்டமோ எதுவும் அதில் இல்லை, ஊரார் பெயர் மட்டும்.

விலை கேட்டார். ஏராளமாகக் கிடைக்கும் ரகம், அதிகம் போகாது என்றேன். மண்ணைத் தட்டாமலே தாளில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.