பாட்டுதான் முதலில் மாட்டுகிறது

அனிமே (ஜப்பானிய அசைவோவியப் படம்) காட்சிகளை வெட்டி, பிடித்த பாட்டோடு கோர்த்து யூடியூபில் ஏற்றும் பிள்ளைகள் சிங்கப்பூரில் நிறைய இருக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளும்தான், அதிலும் தமிழ்ச் சினிமாக் குத்துப்பாட்டுக்கு ஜப்பானியச் சண்டைக்காட்சியைத் தாளம் தவறாமல் வெட்டி வைப்பது தனி ருசி. இவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். வீடியோவை இன்னும் ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை, ஏற்றிச் சில நிமிடம்தான் ஆகிறது, அதற்குள் பதிப்புரிமைக் கோரிக்கை எப்படி வந்து நிற்கிறது? யாராவது உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்களா?

யாரும் பார்ப்பதில்லை, எல்லாம் கணினி போடும் கணக்கு. அந்தக் கணக்கு அழகானது. அது எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காது என்று தெரிந்துகொண்டால் இந்தப் பிள்ளைகளுக்கு எங்கே நியாயம் கிடைக்கிறது, எங்கே கிடைப்பதில்லை என்பதும் புரிந்துவிடும்.

முதலில் பாட்டு. யூடியூபின் 'கன்டென்ட் ஐடி' 2007இல் வந்தது. உரிமையாளர்கள் தங்கள் பாட்டையும் படத்தையும் முன்கூட்டியே கொடுத்து வைப்பார்கள், புதிதாக ஏறும் ஒவ்வொரு வீடியோவும் அவற்றோடு ஒப்பிடப்படும். அதன் உள்வேலை முழுவதையும் யூடியூப் வெளியே சொல்வதில்லை. ஆனால் ஒலியை அடையாளம் காண்பதன் அடிப்படையை, பாட்டைக் கேட்டு அதன் பெயரைச் சொல்லும் ஷஸாம் நிறுவனத்தின் ஏவரி வாங் 2003இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் தெளிவாகப் படிக்கலாம். (ஷஸாம் 2002இல் பிரிட்டனில் தொடங்கியபோது செயலி கிடையாது. 2580 என்ற எண்ணுக்கு அழைத்து, கைப்பேசியைப் பாட்டுப் பக்கம் நீட்ட வேண்டும், பாட்டின் பெயர் குறுஞ்செய்தியாக வரும். அந்தக் கரகரப்பான ஒலியிலேயே இந்த முறை வேலை செய்தது என்பதை நினைவில் வையுங்கள்.)

வேலை இப்படி நடக்கிறது. ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று பிரிக்கிறார்கள். கிடைப்பது ஒரு படம்: இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண். அதில் சுற்றுப்புறத்தை விடப் பலமாக இருக்கும் உச்சிகளை மட்டும் புள்ளிகளாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பேச்சு, வாள் சத்தம், கைத்தட்டல் என்று மேலே எதைக் கலந்தாலும் பாட்டின் பலமான புள்ளிகளில் கணிசமானவை அப்படியேதான் இருக்கும். அப்புறம் புள்ளிகளை இரண்டு இரண்டாகச் சேர்ப்பார்கள். முதல் புள்ளி 820 ஹெர்ட்ஸ், இரண்டாவது 1,240 ஹெர்ட்ஸ், இடைவெளி 0.3 வினாடி என்று வைத்துக்கொள்வோம். இந்த மூன்று எண்களும் சேர்ந்து ஒரே சாவி ஆகும். ஒரு பாட்டுக்கு இப்படி ஆயிரக்கணக்கான சாவிகள்.

ஒன்றிரண்டு சாவி எந்தப் பாட்டோடும் தற்செயலாக ஒத்துப்போகலாம், அதை யாரும் நம்புவதில்லை. நேரக் கணக்குதான் காட்டிக்கொடுக்கிறது. உங்கள் வீடியோவின் 5ஆவது வினாடியில் உள்ள சாவி அசல் பாட்டின் 47ஆவது வினாடியோடு ஒத்துப்போகிறது, 6ஆவது 48ஓடு, 9ஆவது 51ஓடு. எங்கே கழித்தாலும் 42. தற்செயலாக அமைந்த பொருத்தங்களில் வித்தியாசம் கண்டபடி சிதறிக் கிடக்கும், உண்மையான பொருத்தத்தில் ஒரே எண்ணில் குவியும். சில வினாடிப் பாட்டே இதற்குப் போதும்.

"சுருதியைக் கொஞ்சம் ஏத்தினா தப்பிச்சிரலாம்" என்று நண்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுண்டு. ஒரு காலத்தில் அது பலித்தது உண்மை. அரைச்சுருதி ஏற்றினால் எல்லா அதிர்வெண்ணும் ஏறக்குறைய 5.9 விழுக்காடு கூடும், பழைய சாவிகள் எதுவும் பொருந்தாது. ஆனால் அதிர்வெண்ணை மடக்கை அளவில் (அதிர்வெண் ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் ஒரே உயரம் ஏறுகிற அளவில்) வரைந்துவிட்டால், எல்லாப் புள்ளியும் ஒரே அளவு மேலே நகரும், அவ்வளவுதான். வாசலில் போட்ட கோலத்தை இரண்டு அடி தள்ளிப் போட்டாலும் அதே கோலம்தானே? புள்ளிகளுக்கு இடையே உள்ள உறவு மாறவில்லை. வேகத்தைக் கூட்டினாலும் அப்படித்தான்: மூன்று புள்ளிகளை எடுத்து இடைவெளிகளின் விகிதத்தைப் பார்த்தால், பாட்டு ஓடும் வேகம் என்னவாக இருந்தாலும் விகிதம் அதேதான் வரும். அதனால் பாட்டைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

படத்துக்கு வேறு முறை. பரவலாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். வீடியோவின் ஒரு சட்டத்தை (அதாவது ஃபிரேம், அசையாத ஒற்றைப் படம்) 32க்கு 32 புள்ளி அளவுக்குச் சுருக்கி, நிறத்தை எடுத்துவிட்டு, அதன் பெரிய வடிவங்களை மட்டும் காட்டும் 64 எண்களாக மாற்றி, ஒவ்வொன்றும் நடு மதிப்புக்கு மேலா கீழா என்று 1 அல்லது 0 போடுகிறார்கள். 64 இலக்கத்தில் ஓர் அடையாளம் கிடைத்துவிடும். தரத்தைக் குறைத்தாலும் நிறத்தை மாற்றினாலும் ஒன்றிரண்டு இலக்கம்தான் புரளும். ஓரத்தை வெட்டினாலோ கண்ணாடி போல இடம் வலம் திருப்பினாலோ நிறையப் புரளும், அதையும் பிடிக்க வழி இருக்கிறது. அனிமேயில் ஒரு சிக்கல் உண்டு. வினாடிக்கு 24 சட்டம் ஓடினாலும், ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி வைப்பது அந்தத் துறையின் வழக்கம், பின்னணியும் அசையாமல் இருக்கும். அடுத்தடுத்த அடையாளங்கள் ஒன்றுபோலவே அமைவதால் ஒரு சட்டத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, தொடர்ச்சி வேண்டும்.

ரசிகர் வீடியோவில் அந்தத் தொடர்ச்சிதான் இல்லை. என் அண்ணன் மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான். அவன் கணினியில் ஒரு வீடியோவின் டைம்லைனை நெருக்கிப் பார்த்தேன். மேலே படத்தடம் முழுக்கப் பொடிப்பொடி வெட்டு, தவில் அடி ஒவ்வொன்றுக்கும் ஒரு வெட்டு, அரை வினாடிக்கு மேல் நிற்கிற காட்சி அபூர்வம், நான்கு வெவ்வேறு அத்தியாயங்களிலிருந்து எடுத்தவை முன்பின்னாகக் கலந்து கிடக்கின்றன. கீழே ஒலித்தடத்தில் பாட்டு ஒரு வெட்டும் இல்லாமல் மூன்றரை நிமிடம் நீளமாகப் படுத்திருக்கிறது. கோரிக்கை பாட்டுக்குத்தான் வந்தது, படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் இரண்டு வாரம் உழைத்த இடம் கணக்கின் கண்ணில் படவில்லை, ஒரு நொடியில் இழுத்துப் போட்ட பாட்டு பட்டுவிட்டது. "அப்ப நானே பாடி வச்சா, சித்தப்பா?" என்று கேட்டான். ஒலிப்பதிவின் அடையாளம் பொருந்தாது, சரி. ஆனால் மெட்டுக்குத் தனி உரிமை உண்டு, மெட்டை ஒப்பிடும் முறையும் கன்டென்ட் ஐடியில் இருக்கிறது.

பொருந்தியதும் என்ன செய்வது என்பதை உரிமையாளர் முன்பே சொல்லி வைத்திருப்பார்: தடு, விளம்பரக் காசை எனக்குக் கொடு, அல்லது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சும்மா கணக்கு மட்டும் எடு. இதை நாடு வாரியாகவும் சொல்லலாம். அனிமே உரிமம் வட்டாரம் வட்டாரமாக விற்கப்படுவதால் ஒரே வீடியோ சென்னையில் ஓடும், சிங்கப்பூரில் ஓடாது, அல்லது நேர்மாறாக. இந்தக் கோரிக்கை வேறு, பதிப்புரிமை எச்சரிக்கை வேறு. உரிமையாளர் முறைப்படி எழுதிக்கேட்டு வீடியோவை நீக்கினால்தான் எச்சரிக்கை, 90 நாளுக்குள் அது மூன்று சேர்ந்தால் சேனலே போகலாம். கோரிக்கை வந்ததுமே பயந்து சேனலை அழிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், தேவையே இல்லை.

இந்த ஊர் அனிமே ரசிகர்களுக்கு 2007 மறந்திருக்காது. ஓடெக்ஸ் என்ற உள்ளூர் விநியோக நிறுவனம், அனிமேயைப் பதிவிறக்கியவர்களுக்குக் கடிதம் அனுப்பி 3,000 முதல் 5,000 வெள்ளி வரை கேட்டது. அன்றைக்கு யார் பதிவிறக்கினார்கள் என்று தெரிந்துகொள்ள இணையச் சேவை நிறுவனங்களிடமிருந்து பெயரைப் பெற வேண்டியிருந்தது, அதற்கு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. அந்த ஆகஸ்டில் மாவட்ட நீதிமன்றம் பசிபிக் இன்டர்நெட் வழக்கில் ஓடெக்ஸின் மனுவைத் தள்ளியது, 2008 ஜனவரியில் உயர் நீதிமன்றம் விவரத்தை ஜப்பானிய உரிமையாளர்களிடம் கொடுக்கச் சொன்னது. கேட்கிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஒரு நீதிபதி விசாரித்தார். இன்றைக்குக் கணக்கு பொருந்தினால் போதும், விசாரணை கிடையாது. நாம் மறுத்து எழுதினால்கூட அதை முதலில் படித்து முடிவு சொல்கிறவர் கோரிக்கை வைத்தவரேதான், அதற்கு அவருக்கு 30 நாள் அவகாசம். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏனென்றால் சட்டம் கேட்கிற கேள்வி வேறு. 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டம் நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. அதற்கு நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: ஒன்று, எதற்காக, எப்படிப் பயன்படுத்தினீர்கள், வணிகமா இல்லையா; இரண்டு, அசல் படைப்பு எப்படிப்பட்டது; மூன்று, எவ்வளவு எடுத்தீர்கள், எடுத்தது முக்கியமான பகுதியா; நான்கு, அசலின் சந்தை பாதிக்கப்படுமா. இதில் எத்தனை வினாடி என்பதைத்தான் கணக்கால் அளக்க முடியும். நோக்கம் என்ன, நான்கு அத்தியாயங்களைக் கலைத்து அடுக்கியதில் புதிதாக ஒரு கதை பிறந்ததா, இதைப் பார்த்தவர் அசலை வாங்காமல் விடுவாரா, சேர்த்து வாங்குவாரா என்பதெல்லாம் புள்ளிகளில் இல்லை.

அதற்காகப் பிள்ளைகள் பக்கம்தான் முழு நியாயம் என்று நான் சொல்லவில்லை. படத்துக்குப் பேச இடமிருக்கிறது, மூன்றரை நிமிடப் பாட்டை மாற்றாமல் முழுதாக வைப்பதற்கு இந்த நான்கிலும் பதில் தேடுவது கஷ்டம். பாடினவருக்கும் வாசித்தவருக்கும் காசு போக வேண்டாமா?

ஆகவே ஏற்றும்போதே யூடியூப் காட்டும் 'Checks' என்ற சரிபார்ப்புப் படியில் கொஞ்சம் பொறுங்கள், பொதுவில் விடும் முன்பே பொருத்தம் இருந்தால் அங்கே தெரிந்துவிடும். விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போகிறது, வீடியோ ஓடுகிறது என்றால் விட்டுவிடலாம். தடுத்துவிட்டால் எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை என்று கோரிக்கையிலேயே இருக்கும், அந்தப் பகுதியின் ஒலியை மட்டும் நீக்கவோ மாற்றவோ அங்கேயே வழி உண்டு. படத்துக்குக் கோரிக்கை வந்து, உங்கள் பக்கம் நியாயம் இருப்பதாக உறுதியாகப் பட்டால், மறுப்பில் "நான் காசு சம்பாதிக்கவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் காட்சியை எத்தனை வினாடி எடுத்தீர்கள், ஏன் அந்த வரிசையில் அடுக்கினீர்கள் என்று அந்த நான்கு கேள்விக்கும் பதிலாக எழுதுங்கள்.