பொலிவியா பெகோனியா: பூவுக்குள் இருக்கும் அடையாளம்

ஆண்டிஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், பொலிவியாவிலும் அர்ஜென்டினாவின் வடமேற்கு மூலையிலும், ஈரம் கசியும் பாறை இடுக்குகளில் ஒரு செடி வளர்கிறது. தண்டு முதலில் நிமிர்ந்து எழும், அப்புறம் கனம் ஏற ஏற வளைந்து பாறையின் முகப்பில் தொங்கிவிடும். தொங்கும் கிளைகளில் ஆரஞ்சு கலந்த சிவப்பில், நீளமாக, பாதி மூடியபடி கீழ்நோக்கிப் பூக்கள். இதன் படத்தைப் பூச்செடி வளர்ப்பவர் யாரிடமாவது காட்டிப் பாருங்கள், ஃபியூஷியா (தொங்கும் பூக்களுக்காக வளர்க்கப்படும், வேறொரு குடும்பத்துத் தோட்டச்செடி) என்று சொல்லத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் இது பெகோனியா, பெயர் பெகோனியா பொலிவியென்சிஸ்.

ஏன் ஃபியூஷியா மாதிரி இருக்கிறது என்பதற்குக் காரணம் உறவு கிடையாது. சிவப்பு நிறம், குழல் போன்ற வடிவம், தொங்கும் நிலை மூன்றும் ஹம்மிங்பறவைகள் வந்துபோகும் பூக்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் தோற்றம். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத குடும்பங்களில்கூட ஒரே மாதிரி விருந்தாளிக்காக ஒரே மாதிரி பூ உருவாகிவிடுகிறது. அதனால்தான் தாவரவியலாளர்கள் பூவின் நிறத்தையும் வெளித்தோற்றத்தையும் வைத்து மட்டும் ஒரு செடியின் இடத்தைத் தீர்மானிப்பதில்லை, நீங்களும் தீர்மானிக்கக் கூடாது.

சரி, இது பெகோனியாதான் என்று எப்படித் தெரியும்? முதலில் இலை. ஈட்டி போல நீண்டு, ஓரத்தில் பற்களோடு, நுனி கூராக இருக்கிறது, ஆனால் நடு நரம்பின் இரு பக்கமும் சமமாக இல்லை, அடியில் ஒரு பக்கம் இறங்கியும் மறுபக்கம் ஏறியும் இருக்கிறது. பெகோனியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கோணல் இலை உண்டு. அடுத்து, ஒரே செடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூவில் நான்கு நீண்ட இதழ்கள், பெண் பூவில் ஐந்து. இவற்றில் புறவிதழ் எது, அகவிதழ் எது என்று பிரிக்க முடியாது, எல்லாமே நிறம் கொண்டவை. பெண் பூவுக்கு அடியில், இதழ்களுக்குக் கீழே, மூன்று இறகு வைத்த சூலகம் இருக்கிறது, இறகுகளில் ஒன்று மற்ற இரண்டைவிடப் பெரிதாக இருக்கும். இந்த இறகுச் சூலகத்தைப் பார்த்துவிட்டால் சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்துவிடும்.

இன்னொரு விஷயம், இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். பெகோனியா குடும்பம் பூசணி வரிசையைச் சேர்ந்தது. பாகல், பீர்க்கு, சுரை எல்லாம் இந்தச் செடிக்குத் தூரத்துச் சொந்தம். பூசணிக்கொடியிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு, பெண் பூவின் இதழ்களுக்குக் கீழேதான் குட்டிக் காய் உட்கார்ந்திருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு பெகோனியாவின் பெண் பூவைப் பார்த்தால் அமைப்பு சட்டென்று புரியும்.

பெண் பூவில் சூல்தண்டுகள் மூன்று, ஒவ்வொன்றும் நுனியில் பிளந்து முறுக்கிக்கொண்டிருக்கும். பெகோனியாக்களில் பலவற்றின் பெண் பூவில் தேன் கிடையாது, அந்த மஞ்சள் சூல்முடிகள் ஆண் பூவின் மகரந்தத்தாள் கொத்தைப் போலவே தோன்றுவதால், மகரந்தம் தேடி வரும் பூச்சி ஏமாந்து பெண் பூவிலும் இறங்கிவிடுகிறது. செடிக்கு வேலை முடிந்தது, பூச்சிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இதுவரை சொன்னது எல்லாம் இது பெகோனியா என்பதற்குத்தான். ஆனால் பெகோனியாப் பேரினத்தில் 2,000க்கும் அதிகமான சிற்றினங்கள் இருக்கின்றன, பூக்கும் தாவரங்களின் மிகப் பெரிய பேரினங்களில் இது ஒன்று. இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு சிற்றினத்துக்கு இடம் கண்டுபிடிக்க, பேரினத்துக்கும் சிற்றினத்துக்கும் நடுவில் 'பிரிவு' என்ற ஒரு படி தேவைப்படுகிறது. பொலிவியா பெகோனியாவின் இடத்தைக் காட்டிக்கொடுப்பது அதன் ஆண் பூ. செம்பருத்தியின் நடுவில் மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு தூணாக நிற்குமே, அதே மாதிரி இங்கேயும் தாள்களின் காம்புகள் இணைந்து நீண்ட தூணாகி, மகரந்தப்பைகள் அதன் மேல் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. பல பெகோனியாக்களில் தாள்கள் தனித்தனியாகவோ, அடியில் லேசாக மட்டும் சேர்ந்தோ ஒரு சிறு குஞ்சம் போல இருக்கும். இந்தத் தூண் உள்ள சிற்றினங்களுக்கான பிரிவின் பெயர் பாரியா.

அந்தப் பெயருக்குப் பின்னால் 19ஆம் நூற்றாண்டின் ஒரு பெரிய கருத்து வேறுபாடு இருக்கிறது. ஜெர்மனியின் யோஹான் கிளாட்ஸ் 1854-இல் பெகோனியாவை ஒரே பேரினமாக வைத்திருப்பது சரியல்ல என்று சொல்லி, அதை நாற்பதுக்கும் மேற்பட்ட பேரினங்களாக உடைத்தார். பாரியா அவற்றில் ஒன்று. அடுத்து வந்த ஸ்விட்சர்லாந்தின் அல்ஃபோன்ஸ் டி கந்தோல் அவற்றில் பெரும்பாலானவற்றைத் திரும்ப பெகோனியாவுக்குள் கொண்டுவந்து, கிளாட்ஸ் கொடுத்த பேரினங்கள் பலவற்றைப் பிரிவுகளாக ஆக்கினார். பொலிவியென்சிஸ் என்ற சிற்றினத்தை 1859-இல் விவரித்துப் பெயர் வைத்தவரும் அவர்தான். என் பார்வையில் டி கந்தோல் செய்தது நல்ல முடிவு: கிளாட்ஸ் கவனித்த வேறுபாடுகள் உண்மையானவை, அவை வீணாகவில்லை, ஆனால் கோணல் இலையும் இறகுச் சூலகமும் கொண்ட இந்தச் செடிகள் ஒரே வம்சம் என்பதும் மறையவில்லை. இன்றைக்குக் குடும்பத்தில் இரண்டே பேரினங்கள்தான், ஒன்று பெகோனியா, மற்றொன்று ஹவாய்த் தீவுகளில் மட்டும் வளரும் ஒற்றைச் சிற்றினம் கொண்ட ஹில்லெப்ராண்டியா.

டி.என்.ஏ. ஆய்வுகள் வந்த பிறகு பழைய பிரிவுகள் பல கலைக்கப்பட்டன, சில புதிதாக வந்தன. 2018-இல் வெளியான ஒரு பெரிய மறுஆய்வு பேரினத்தை 70 பிரிவுகளாக வகுத்தது. அதைவிடச் சுவாரஸ்யமானது அமெரிக்கக் கண்டத்துப் பெகோனியாக்களின் பூர்வீகம். அவை எல்லாம் ஒரே மூதாதையிலிருந்து கிளைத்தவை அல்ல, ஆப்பிரிக்காவிலிருந்து இரண்டு முறை தனித்தனியாக வந்து சேர்ந்தவை என்கிறது மரபணுச் சான்று. ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் பிரிந்து இடையில் அட்லாண்டிக் கடல் உருவாகி வெகு காலத்துக்குப் பிறகு நடந்தது இது, ஆகவே விதையோ செடியோ கடலைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும்.

விதையும் பார்க்க வேண்டிய ஒன்று. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூசி அது, காய் உலர்ந்து வெடித்தபின் காற்றில் உதிரும். அதன் ஒரு முனையில் மூடி போன்ற பகுதியும், மூடிக்குக் கீழே நீண்ட செல்களால் ஆன ஒரு வளையமும் உண்டு, முளைக்கும்போது அந்த வளையம் பிரிந்து மூடி திறக்கிறது. பெகோனியாக் குடும்பத்தின் முத்திரை என்று இந்த வளையத்தைச் சொல்லலாம்.

பாறையில் வாழும் செடிக்கு வறண்ட மாதங்களைத் தாண்ட ஒரு வழி வேண்டும். பொலிவியா பெகோனியாவுக்கு அது கிழங்கு. மழைக்காலத்தில் துளிர்த்துப் பூத்துவிட்டு, வறட்சி வந்ததும் தண்டு முழுவதும் உதிர்ந்து கிழங்கு மட்டும் உறங்கும். இந்தக் கிழங்குதான் ஐரோப்பியத் தோட்டக்காரர்களின் கண்ணில் பட்டது. இங்கிலாந்தின் வீச் நர்சரிக்காகத் தாவரம் சேகரித்த ரிச்சர்ட் பியர்ஸ் 1860களில் இதைப் பொலிவியாவிலிருந்து அனுப்பினார், 1867 பாரிஸ் கண்காட்சியில் அது பார்வைக்கு வந்தது, அதற்கு அடுத்த ஆண்டே பியர்ஸ் பனாமாவில் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். அதே நர்சரியின் ஜான் செடன் பொலிவியென்சிஸை இன்னொரு ஆண்டிஸ் இனத்தோடு கலந்து, 1870-இல் முதல் கலப்புக் கிழங்குப் பெகோனியாவை வெளியிட்டார். அதன்பின் பியர்ஸ் பெயரையே தாங்கிய, மஞ்சளாகப் பூக்கும் பெகோனியா பியர்சேய் போன்ற ஆண்டிஸ் இனங்களும் கலப்பில் சேர்ந்து, இன்று தொட்டிகளில் விற்கும் கிழங்குப் பெகோனியாக்கள் பிறந்தன. இந்தக் கலப்பினங்கள் நீண்ட பகலில் பூக்கும், பகல் குறையும்போது பூவைக் குறைத்துக் கிழங்கைப் பெருக்கும்.

கிழங்குப் பெகோனியா வாங்கினால் பூவைப் பிரித்துப் பாருங்கள். ரோஜா மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் வகைகளில் நான் சொன்ன தூண் தெரியாது, ஏனென்றால் அங்கே மகரந்தத்தாள்களே இதழ்களாக மாறியிருக்கின்றன. அடுக்கு இல்லாத, தொங்கும் வகையாக இருந்தால், 'பான்ஃபயர்' போன்றவை பொலிவியென்சிஸிலிருந்தே வந்தவை, அவற்றின் ஆண் பூவில் நான்கு இதழ்களை விலக்கிவிட்டு நடுவில் தேடுங்கள், பூவை நீளவாக்கில் பிளேடால் கீறினால் இன்னும் தெளிவாகத் தெரியும்.