ரெசிஸ்டன்ஸ்: எதிர்க்கிறது யாரு, எதை?

ஆன்டிவைரல் ரெசிஸ்டன்ஸ்ங்கற சொல்லை அப்படியே தமிழாக்கினா "வைரஸ் எதிர்ப்பு மருந்து எதிர்ப்பு"ன்னு வந்து நிக்குது. ஒரே சொல்லுக்குள்ள ரெண்டு எதிர்ப்பு, எது எதை எதிர்க்குதுன்னு படிக்கிறவங்களுக்கு எப்படி விளங்கும்? போதாததுக்கு நோய் எதிர்ப்பு சக்தின்னு ஒண்ணு ஏற்கனவே எல்லார் வாயிலயும் பழகிக் கிடக்கு. அதனாலதான் பலபேர் மாத்திரை நிறைய போட்டா உடம்பு அதுக்குப் பழகிப்போயி எதிர்ப்பு வந்துரும்னு நினைச்சுக்கறாங்க. இங்க எதிர்க்கிறது உடம்பு இல்ல, வைரஸ்; அது எதிர்க்கிறது தன்னை அடக்க வந்த மருந்தை. அந்த மருந்தைத் தொட்டே பாக்காத ஒருத்தருக்குக்கூட ஏற்கனவே மாறிப்போன வைரஸ் தொத்தலாம்.

சொல்லோட வேர் லத்தீன்ல ரெசிஸ்டெரே. 'ரெ'ன்னா பின்னால, எதிரா. 'சிஸ்டெரே'ன்னா நிக்கிறது, நிறுத்துறது. நம்ம 'எதிர்நிற்றல்'ங்கறதும் கிட்டத்தட்ட இதே கட்டுமானம்தான். மின்சாரத்துல இதே ரெசிஸ்டன்ஸை மின்தடைன்னு சொல்றோம், அங்க குழப்பமே இல்ல, மருத்துவத்துலதான் எதிர்ப்புங்கற ஒரே சொல்லு மேல அத்தனை பாரத்தையும் ஏத்தி வெச்சுட்டோம்.

சரி, ஃப்ளூ வைரஸ் எப்படி எதிர்த்து நிக்குது? செல்லுக்குள்ள பெருகின வைரஸ் வெளிய வரும்போது செல்லோட மேல்பரப்புல ஒட்டிக்கும், அந்த ஒட்டை வெட்டிவிடுற நொதி பேரு நியூராமினிடேஸ். ஒசெல்டாமிவிர், அதாவது டாமிஃப்ளூ, இந்த நொதியோட பள்ளத்துல போயி உக்காந்து வெட்டவிடாம பண்ணும், ஆனா அது உக்காரணும்னா பள்ளத்துக்குள்ள ஒரு அமினோ அமிலம், அதாவது நொதியைக் கட்டியிருக்கற கண்ணிகள்ல ஒண்ணு, கொஞ்சம் திரும்பி இடம் விடணும். எச்1என்1ங்கற ஃப்ளூ வகையில, இந்த நொதியோட 275-ஆவது இடத்துல இருக்கற ஹிஸ்டிடின்ங்கற அமினோ அமிலம் டைரோசின்ங்கற வேற ஒண்ணா மாறிட்டா அந்தத் திருப்பம் சரியா நடக்காது, மருந்து ஒழுங்கா உக்காராது. இதைத்தான் எச்275ஒய்னு எழுதுறாங்க (எச்னா ஹிஸ்டிடின், ஒய்னா டைரோசின்). இதே நொதியை அடக்கற இன்னொரு மருந்தான சனாமிவிருக்கு அந்தத் திருப்பம் தேவையில்லங்கறதால அது அப்பவும் வேலை செய்யும். அதனால 'ரெசிஸ்டன்ட் வைரஸ்'னு மொட்டையா சொல்றது அரைகுறைப் பேச்சு, எந்த மருந்துக்குன்னு சேத்துச் சொல்லணும்.

2007-08 ஃப்ளூ சீசன்ல நார்வேல சோதிச்ச சீசன் எச்1என்1 (வருஷாவருஷம் வந்துபோற வகை) வைரஸ்ல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு இந்த மாற்றத்தோட இருந்துச்சு. இவ்வளவுக்கும் அந்த நாட்டுல ஒசெல்டாமிவிரை ரொம்ப அபூர்வமாத்தான் பயன்படுத்தினாங்க! மருந்தை இஷ்டத்துக்கு விழுங்கினதாலதான் எதிர்ப்பு வருதுங்கற பொதுவான எண்ணம் இங்க பொருந்தல, வைரஸ்ல வேற சில மாற்றங்கள் முன்னாடியே சேந்து இருந்ததால எச்275ஒய் வந்தும் அது பலவீனமாகல, தானா பரவிருச்சு. 2008-09 சீசன்ல பல நாடுகள்ல சீசன் எச்1என்1 கிட்டத்தட்ட முழுசுமே இப்படி ஆகிப்போச்சு. அப்புறம் 2009-ல வந்த பெருந்தொற்று எச்1என்1 அந்தப் பழைய வைரஸைத் தள்ளிட்டு இடத்தைப் பிடிச்சுது, புதுசு ஒசெல்டாமிவிருக்கு அடங்கிச்சு, ஆனா அமன்டடின்ங்கற பழைய ஃப்ளூ மருந்து வகைக்கு அடங்கல. அடுத்தடுத்து வந்த ரெண்டு எச்1என்1-க்கும் மருந்துக் கணக்கு நேர் எதிரா இருந்துச்சுன்னா, நடுவுல கண்காணிச்சுச் சொல்ல ஆள் இல்லாம எந்த மருந்தை எழுதிக் குடுக்கறது?

அந்தக் கண்காணிப்பைச் செய்யறது உலக சுகாதார நிறுவனத்தோட ஃப்ளூ ஆய்வகக் கூட்டமைப்பு, அது 1952-ல இருந்தே இருக்கு. தொண்டை, மூக்குல எடுத்த மாதிரிகளை வெச்சு மரபணு வரிசையைப் படிப்பாங்க, இன்னொரு பக்கம் நொதியைப் பாதி அடக்க எவ்வளவு மருந்து வேணும்னு அளப்பாங்க. இன்ஃப்ளூயன்சா ஏ வகைக்கு (எச்1என்1 இதுல சேந்ததுதான்) அந்த அளவு வழக்கத்தைவிட 10 மடங்குல இருந்து 100 மடங்கு வரைக்கும் கூடினா 'குறைந்த தடுப்பு', 100 மடங்குக்கும் மேல போனா 'மிகக் குறைந்த தடுப்பு'ன்னு வகைப்படுத்துவாங்க. கவனிச்சீங்களா, ஆய்வக அளவை வெச்சு மட்டும் ரெசிஸ்டன்ஸ்னு அவங்க எழுதறதில்ல, நோயாளிகிட்ட மருந்து என்ன பண்ணுதுங்கறது தனிக் கேள்வி.

தமிழ்ல என்ன சொல்லலாம்? பேச்சுல 'காய்ச்சல் மருந்துக்குக் கேக்கல'ன்னு அழகா ஒரு வழக்கு இருக்கு. ஆனா அது நோயைப் பத்தின பேச்சு. மருந்தை லேட்டா ஆரம்பிச்சாலும் கேக்காமப் போகலாம், வைரஸ் மாறியிருக்கணும்னு இல்ல. 'தாங்குதிறன்'னு சிலர் எழுதறாங்க, அது டாலரன்ஸுக்குத்தான் சரி, நுண்ணுயிரியல்ல அது மருந்தைக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கிறதைச் சொல்ற வேற சங்கதி. கட்டுரைகள்ல 'மருந்தெதிர்ப்பு'ன்னு நிலைச்சுப்போனதை நான் மாத்தச் சொல்லல, ஆனா 'வைரஸின்'னு முன்னாடி ஒரு சொல் சேத்தே ஆகணும். பொதுமக்களுக்கு எழுதறப்ப 'மருந்துக்கு மசியாத வைரஸ்'ங்கறதுதான் எனக்குப் பிடிச்சது, மசியாதது யாருன்னு அதுலயே தெரியுது, எதிர்ப்பதமா 'மசியும் வைரஸ்'னும் எழுதிக்கலாம். செய்தி எழுதறவங்க இப்படி எழுதினா போதும்: "இந்த எச்1என்1 ஒசெல்டாமிவிருக்கு மசியவில்லை, சனாமிவிருக்கு மசிகிறது."