டப்பா எங்கே? சேதுக்கரைப் பாதையில் ஏழு மீட்டர் கணக்கு

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. பொதுமக்கள் கையிலிருந்த கருவி நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். மே 2 அன்று அந்தக் கலப்படம் நின்றது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்துக் காட்டில் ஒரு வாளியை வைத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டார். ஜியோகேச்சிங் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒருவர் டப்பாவை மறைப்பார். மற்றவர் தேடிப் போய், உள்ளே இருக்கும் நோட்டில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, இருந்தபடியே வைத்துவிட்டு வருவார்.

ராமநாதபுரம் அரண்மனையில் தொடங்கி, திருப்புல்லாணி போய், அங்கிருந்து சுமார் 4 கி.மீ. நடந்து சேதுக்கரையில் முடிகிற மாதிரி ஒரு தேடலை அமைப்பதாக வைத்துக்கொள்வோம். அரண்மனையின் ராமலிங்க விலாசம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. அங்கே டப்பாவுக்கு இடமில்லை. அதனால் முதல் கட்டத்தை ஒரு கேள்வியாக வைப்பதே சரி. ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி பாம்பனில் விவேகானந்தரை வரவேற்ற ஆண்டு எது? 1897. நான்கு இலக்கங்களையும் வரிசையாக அ, ஆ, இ, ஈ என்று வைத்தால், அடுத்த இடத்தின் அட்சரேகை 9 பாகை 16.இஆஈ நிமிடம், அதாவது 9 பாகை 16.987 நிமிடம். கூடவே ‘நான்கு இலக்கங்களின் கூட்டுத்தொகை 25’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஆண்டைத் தப்பாகப் போட்டவர்களில் பெரும்பாலோர் வெயிலில் இறங்குவதற்கு முன்பே திருத்திக்கொள்வார்கள்.

கணக்கு சரியாக வந்த பிறகு வரும் கோளாறுதான் பெரியது. ஜியோகேச்சிங்கில் எண்களைப் பாகை, தசம நிமிடம் என்று எழுதுவது வழக்கம். போன் வரைபடங்களோ பெரும்பாலும் தசமப் பாகையில் காட்டும். 16.987 நிமிடத்தை 60ஆல் வகுத்தால் 0.28312, ஆக 9.28312 என்று போட வேண்டும். வகுக்காமல் 9.16987 என்று போட்டால் இடம் பன்னிரண்டரை கி.மீ. தெற்கே நகர்ந்து மன்னார் வளைகுடாவுக்குள் போய்விடும். அந்தக் கடலில் உள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. யாரும் டப்பா வைக்க முடியாத இடம். அம்புக்குறி கடலைக் காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த வகுத்தலைத்தான்.

நிமிடத்தில் மூன்றாவது தசம இலக்கம் ஒன்று மாறினால் தரையில் சுமார் 1.85 மீட்டர் மாறும். ஆனால் அவ்வளவு நுட்பம் போனுக்குக் கிடையாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்லிக்கொண்டே போகும். நேர் உச்சியிலிருந்து கிளம்பிய சமிக்ஞை வந்து சேர ஏறக்குறைய 0.067 விநாடி ஆகும். அந்தத் தாமதத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். நேரக்கணக்கில் ஒரு நானோவிநாடி பிசகினால் தூரம் 30 செ.மீ. பிசகும். போனின் மலிவான கடிகாரத்தை நம்பி இதைச் செய்ய முடியாது. அதனால்தான் மூன்று திசைகளோடு கடிகாரப் பிழையையும் தெரியாத எண்ணாக எடுத்துக்கொண்டு, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களை வைத்துக் கணக்கைத் தீர்க்கிறார்கள். வந்து சேரும் சக்தியும் அற்பம்: ஒரு வாட்டை நூறு கோடிக் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒன்றிரண்டு பங்கு. அரண்மனைச் சுவரை ஒட்டி நின்றால் சமிக்ஞை சுவரில் பட்டுச் சுற்றி வந்து தூரத்தைக் கூட்டிவிடும். பனங்காட்டில் வானம் தெரியும், தொல்லை குறைவு. அடர்ந்த சீமைக்கருவேலக் காட்டில், அதுவும் மழை பெய்து இலை நனைந்திருந்தால், சிரமம்தான்.

திறந்தவெளியில் சாதாரண போனின் பிழை 5 மீட்டர் அளவு. மறைத்தவருக்கு 5, தேடுபவருக்கு 5. இரண்டும் தனித்தனிப் பிழைகள் என்பதால் 10 ஆகாது. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 7 மீட்டர். தேட வேண்டிய பரப்போ 78 சதுர மீட்டரிலிருந்து 154க்குப் போய்விடுகிறது. மறைப்பவர் தன் பங்கைக் குறைக்கலாம். ஒரே இடத்தில் பத்து நிமிடம் நின்று சராசரி எடுத்தால் பயன் கொஞ்சம்தான், அந்தப் பத்து நிமிடமும் பிழை ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். மறுநாள் போகலாம், ஆனால் அதே நேரத்துக்குப் போகக் கூடாது. கோள்களின் அமைப்பு 23 மணி 56 நிமிடத்தில் திரும்ப வருவதால் சுவரும் மரமும் தரும் அதே பிழைதான் மறுபடி கிடைக்கும். ஒரு நாள் காலை ஏழு மணி, இன்னொரு நாள் மதியம் என்று மாற்றி எடுங்கள்.

இந்தக் கரைக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டித்தான் போகிறது. தும்பாவில் 1963இல் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கு அதுவே காரணம். அந்தக் கோட்டுக்கு மேலே, வளிமண்டலத்தின் உயரே மின்துகள்கள் நிறைந்த அயனமண்டலத்தில், சூரியன் மறைந்ததும் மின்துகள் அடுக்கு மேலே தூக்கப்பட்டு நிலைகுலையும். அடர்த்தி குறைந்த குமிழிகள் எழும். அவற்றினூடே வரும் சமிக்ஞை மினுக்கும். சில கோள்கள் விட்டுப்போகும். மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில் இது மிகுதி. பகலில் அயனமண்டலம் சமிக்ஞையைத் தாமதப்படுத்துகிறது; பிற்பகல் இரண்டு மணி வாக்கில் அது உச்சம். ஒற்றை அலைவரிசை போனில் உள்ள திருத்தக் கணக்கு அதில் ஏறக்குறைய பாதியைத்தான் சரிசெய்யும். எல்1, எல்5 என்ற இரண்டு ஜிபிஎஸ் அலைவரிசைகளையும் வாங்கும் போனாக இருந்தால் மிச்சத்தையும் கழித்துவிடலாம், ஏனென்றால் தாமதம் அலைவரிசையின் வர்க்கத்துக்குத் தலைகீழாக மாறுகிறது. ஆகவே காலையில் கிளம்புங்கள். வெயிலுக்கும் அதுதான் நல்லது.

கடைசிப் பத்து மீட்டரில் போனைப் பார்ப்பதை நிறுத்திவிட வேண்டும். மெதுவாக நகரும்போது ஜிபிஎஸ்ஸால் திசை சொல்ல முடியாது, அம்பு ஆடிக்கொண்டேயிருக்கும். இருபது மீட்டர் தள்ளி நின்று, வேறு வேறு பக்கங்களிலிருந்து இரண்டு மூன்று முறை நேராக நடந்து வந்து, அம்பு காட்டும் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள். பொந்திலோ கல்லிடுக்கிலோ கையை விடாதீர்கள். முதலில் குச்சி. சுருட்டை விரியன் உள்ள ஊர் இது. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

டப்பாவைப் பொறுத்தவரை, இரும்பு வேண்டாம். உப்புக்காற்றில் சீக்கிரம் துருவேறி மூடி பிடித்துக்கொள்ளும். காந்தம் வைத்த சின்ன டப்பாக்களிலும் காந்தம்தான் முதலில் உதிரும். நான்கு பக்கமும் பூட்டுகிற, ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஜிப் பையில் நோட்டு, ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல், பேனாவுக்குப் பதில் பென்சில். வெளிநாட்டில் பிரபலமான ராணுவத் தோட்டாப் பெட்டி இந்தக் கரையில் போலீஸைத்தான் கூட்டி வரும். டப்பாவின் மேல் ‘இது விளையாட்டுப் பொருள்’ என்று தமிழில் எழுதி, ஊராரிடம் சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். சாட்டிலைட் போன் வகைக் கருவிகளை அனுமதியில்லாமல் கொண்டுவரக் கூடாது. வெறுமனே சமிக்ஞை வாங்கும் ஜிபிஎஸ் கருவி வேறு, அது வேறு.

மண்ணைத் தோண்டிப் புதைப்பது விதிப்படியே கூடாது. கண்மாய்க் கரையில் அதைச் செய்தால் நீர் கசிய வழி வெட்டுவது போலாகும். கண்மாயின் உள்வாய் கோடையில் கட்டாந்தரையாகக் கிடப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஐப்பசி மழையில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். உபரி நீர் வழிந்தோடும் கலுங்குக்குக் கீழேயும் வேண்டாம். கடற்கரையில் அலை ஏறும் கோட்டை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. பெண்கடலான பாக் நீரிணைப் பக்கம் வாடைக்காற்றில்தான் கொந்தளிக்கும். சேதுக்கரை இருக்கும் ஆண்கடலான மன்னார் வளைகுடாப் பக்கமோ தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் மணலை அள்ளிக்கொண்டு போகும். வைகாசி, ஆனி மாதங்களில் ஒருமுறை போய்ப் பார்த்து, அலை தொட்ட இடத்துக்கு நன்றாக மேலே, பனையடியில் வையுங்கள். எண்களையும் அன்றைக்கே மறுபடி எடுத்துவிடுங்கள்.