சாயத்தொட்டியில் உப்புக்கு என்ன வேலை?

திருப்பூரில் பிளஸ் ஒன் படிக்கும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "எங்கப்பா சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போறாருங்க. பனியன் துணிக்குச் சாயம் போடறப்ப மூட்டை மூட்டையா உப்புக் கொட்டறாங்களாமா. எதுக்குங்க?"

கரும்பலகையில் சமன்பாடு எழுதலாம். ஆனால் கண்ணுக்குத் தெரிவது துணி, தாளில் இருப்பது குறியீடு, காரியம் நடப்பதோ கண்ணுக்கு எட்டாத அயனிகளுக்குள், அதாவது மின்சுமை ஏறிய நுண்துகள்களுக்குள். வேதியியல் ஏன் கடினமாகிறது என்பதை ஸ்காட்லாந்தின் வேதியியல் கல்வி ஆய்வாளர் அலெக்ஸ் ஜான்ஸ்டன் இப்படி மூன்று மூலைகளாகப் பிரித்துக் காட்டினார். அந்த மூன்றாவது மூலையைத் திறந்து காட்ட அனிமேஷன் வீடியோவைப் போல் வேறொன்று இல்லை என்பது என் எண்ணம்.

திரையில் பருத்தி இழையைப் பெரிதாக்கிப் பாருங்கள். தண்ணீரில் நனைந்த இழையின் மேல் எதிர்மின்சுமை. இழையோடு வினைபுரிந்து ஒட்டும் ரியாக்டிவ் சாயத்தின் மூலக்கூறும் எதிர்மின்சுமை கொண்டதுதான். கிட்டே வருகிறது, தள்ளப்பட்டு விலகுகிறது. இப்போது உப்பு விழுகிறது. சோடியம் அயனிகள் இழையைச் சுற்றி மொய்த்து அந்த எதிர்ப்பை மறைத்துவிடுகின்றன. முட்டி மோதி அலையும் சாய மூலக்கூறுகளில் சில இப்போது இழையை ஒட்டியே வந்துவிடுகின்றன. அவ்வளவு நெருக்கத்தில் மட்டுமே வேலை செய்யும் மெல்லிய ஈர்ப்புகள் அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது!

அப்புறம் சலவை சோடா சேர்ப்பார்கள். காரத்தன்மை ஏறியதும் பருத்தி இழையின் மூலப்பொருளான செல்லுலோஸ் ஹைட்ரஜன் அயனியை இழந்து, சாயத்தோடு சகப்பிணைப்பு (எலக்ட்ரான்களைப் பகிரும் உறுதியான பிணைப்பு) அமைக்கும். அதனால்தான் துவைத்தாலும் சாயம் எளிதில் போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. வீடியோவில் மூலக்கூறுகள் வழி தெரிந்து போவதுபோல் தோன்றும். உண்மையில் எல்லாம் தாறுமாறான ஓட்டம்தான். கூட்டம் குறையட்டும் என்று தண்ணீர் மூலக்கூறுகளையும் படத்தில் அழித்திருப்பார்கள். அதனால் வீடியோ போடுமுன் "என்ன நடக்கும்னு நோட்டில் வரைங்க" என்று சொல்லுங்கள். பார்த்த பிறகு தங்கள் படத்தை அவர்களே திருத்தட்டும். பாடநூலில் க்யூஆர் கோடு வந்தாயிற்று. சாயப்பட்டறையையும் ஈரோட்டு மஞ்சளையும் வைத்துத் தமிழில் இப்படிப் படங்கள் செய்ய அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

வீடியோவை இன்னும் கொஞ்சம் ஓட விடுங்கள். உப்பு எதனோடும் சேரவில்லை, போட்டது அப்படியே கழிவுநீரில் இருக்கிறது. நொய்யல் ஆற்றையும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையையும் பாழாக்கியதில் இந்த உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

"அப்ப அந்த உப்பைத் திரும்ப எடுக்க முடியாதுங்களா?" என்றாள். பிறகு மறுபடி திறந்த பட்டறைகளில் எடுக்கிறார்கள். சவ்வு வழியே நல்ல தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி, மீட்ட உப்பை மறுபடியும் சாயத்தொட்டிக்கே கொண்டுபோகிறார்கள்.