புக்தி என்றால் என்ன?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் கோர்ட்டுப் பேச்சு வந்தால் இரண்டு கேள்விகள் காதில் விழும். "சாட்சிக்கு ஆள் இருக்கா?", "புக்தி (ஆதாரம்) இருக்கா?" முதலாவது தமிழ், அடுத்தது மலாய் என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டுக்கும் மூலம் சமஸ்கிருதம்.

சாட்சி என்பவர் கண்ணால் கண்டவர். மலாயில் அவரே 'சக்சி'. அவர் கூண்டில் நின்று சொல்வது சாட்சியம். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம், 60ஆம் பிரிவில், பார்த்ததைப் பார்த்தவரே வந்து சொல்லவேண்டும் என்கிறது. "மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) சொன்னாரு, நடந்துச்சாம்" என்றால் எடுபடாது. ஆனால் மண்டோர் அப்படிச் சொன்னாரா இல்லையா என்பதே வழக்கானால், கேட்டவர் தாராளமாகச் சொல்லலாம். தோட்டாக்கள் வைத்திருந்ததாகத் தண்டிக்கப்பட்ட சுப்பிரமணியம், கம்யூனிஸ்டுகளின் மிரட்டலுக்குப் பயந்தே அப்படிச் செய்ததாகச் சொன்னார். அவர்கள் பேசியதைச் சொல்லக் கீழ்க்கோர்ட்டு விடவில்லை. அது தவறு என்று 1956இல், அன்றைய மலாயாவுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தண்டனையை ரத்து செய்தது. மிரட்டல் உண்மையோ பொய்யோ, அதைக் கேட்டு அவர் பயந்தாரா என்பதுதானே கேள்வி! பல நாட்டுச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் மலாயா வழக்கு இது.

ஆள், பேச்சு, கடிதம், கேமரா பதிவு எல்லாவற்றுக்கும் பொதுவாகச் 'சான்று' என்று எழுதுவதே நல்லது. 'சால்' என்ற வேரிலிருந்து வந்தது. சான்றோரும் அதே வேர்தான். 'சிசிடிவி சாட்சி' என்று செய்தியில் வருவது எனக்கு உறுத்துகிறது. குறளில் சாட்சிக்குக் 'கரி' என்று வரும் ("இந்திரனே சாலுங் கரி"). அதை இன்று மீட்க முடியாது, அடுப்புக் கரிதான் நினைவுக்கு வரும்.

அப்புறம் புக்தி. சமஸ்கிருதத்தில் 'புக்தி' என்றால் அனுபவித்தல். பழைய தர்மசாஸ்திரங்களில் எழுத்து, சாட்சி, புக்தி மூன்றும் சான்றுகள். பெரியபுராணத்தில் சுந்தரரைத் தன் அடிமை என்று வாதாடும் கிழவரிடம் திருவெண்ணெய்நல்லூர் அவையும் இதே மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறது: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. ஆக, புக்திக்கு நேர்த்தமிழ் 'ஆட்சி', அதாவது நெடுநாள் ஆண்டு அனுபவிப்பது. மலாயில் புக்தி என்ற சொல் விரிந்து எல்லாச் சான்றுக்கும் பெயராகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், நில வழக்கில் அந்தப் பழைய புக்தி செல்லாது. எத்தனை காலம் குடியிருந்தாலும், பதிவு பெற்ற உரிமையாளர் நிலத்தை மீட்கத் தொடுக்கும் வழக்குக்கு அது தடையாகாது என்கிறது 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 341ஆம் பிரிவு. "தாத்தா காலத்திலிருந்து இந்த லயத்துலதான் (தோட்ட வரிசை வீடு) இருக்கோம்" என்பதற்குக் கரண்டு பில்லைக் காட்டலாம். அது குடியிருந்ததற்குத்தான் சான்று. நிலம் யாருடையது என்று கேட்டால் கிராண்டைத்தான் (நிலப் பட்டா) பார்ப்பார்கள்.